வாவற் கிருமிகளின் கிளைவழி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைச் செயலாளர் அறிவித்தபோது அவையில் சிலர் புன்முறுவல் பூத்ததைக் கண்டோம். கம்பனும் இளங்கோவும் இருக்க, தமிழ்ச் சங்க மேடையில் வாவலையும் அதன் உடற்கிருமியையும் பேசுவதா என்பது அப்புன்முறுவலின் பொருள். யாம் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைப்பவர். மருத்துவ நூலை முறையாகக் கற்றோமில்லை. ஆயினும் செய்தித்தாளிலும், ஆராய்ச்சியாளர் வெளியிட்ட கட்டுரைகளிலும், எமக்கு விளங்கிய மட்டில் சில ஆண்டுகளாகப் படித்து வருகின்றோம். படிக்கத் தூண்டியது எதுவென்றும் சொல்லிவிடுகின்றோம்.

செங்கலில் யாம் குடியிருக்கும் தெருவின் கோடியில் ஒரு பெரிய மரம் நிற்பதும், அதில் நூற்றுக்கணக்கான பழந்தின்னி வாவல்கள் பகலெல்லாம் தலைகீழாய்த் தொங்குவதும் உங்களில் பலர் அறிந்ததே. 2018-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா நோய் தோன்றிய நாள் முதலாக அம்மரத்தை வெட்டிவிட வேண்டும் என்று ஒரு சாரார் சொல்லி வருகின்றனர். வேறொரு பேச்சும் எம் காதில் விழுந்தது. இந்நோய் நம் நாட்டு நோயன்று, வங்காளத்திலிருந்து கூலி வேலைக்கு இரயிலேறி வருவோர் கொண்டுவந்தது என்பதே அது. நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் பிழைப்பின் பொருட்டு இவண் வந்து குடியேறிய நமக்கு, வந்தேறிகள்மேல் பழி சுமத்தும் பேச்சு எங்ஙனம் உறுத்தும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் மனம் உறுத்துகின்றது என்பதற்காக ஒரு செய்தி பொய்யாகிவிடாது. அது மெய்யா பொய்யா என்று காண வழி உண்டா? உண்டு. அவ்வழி தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று என்பதே யாம் சொல்ல வந்தது.

முதலில் வாவல் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். மலையாளத்து அயலார் இப்பறவையல்லாப் பறவையை வாவல் என்கின்றனர். நம் பள்ளிப் பிள்ளைகள் வௌவால் என எழுதுகின்றனர். சங்கச் செய்யுட்களிலோ வாவல் என்றே வருகின்றது. இரண்டு மொழியும் ஒரு சொல்லை ஒன்றினிடமிருந்து மற்றொன்று கடன் வாங்கியதன்று. ஒரு தாயிடமிருந்து இருவரும் பெற்ற சொத்து. இவ்வாறு சொற்களை அருகருகே வைத்து, எவ்வெழுத்து மாறியது, எது மாறாதது என்று கணக்கிட்டு மொழிகளின் குடும்பத்தை வகுத்தவர் கால்டுவெல் பாதிரியார்; அவர் நூல் வெளிவந்தது 1856-இல். கேட்கும் ஓசை ஒன்றுபோல் இருப்பதனால் மட்டும் உறவு சொல்லலாகாது என்பது இத்துறையின் முதற் பாடம்.

இதனினும் நெருக்கமான உவமை ஏட்டுச் சுவடி. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர் ஏடுகளைத் தேடி ஒப்பு நோக்கினார். ஏடு எழுதுவோர் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதுகையில் பிழை நேர்வது இயல்பு. எம் பார்சல் ஆபீசிலும் அதுவே நடக்கும். ஒரு சீட்டைப் பார்த்து மறுசீட்டு எழுதுகையில் 6 என்பது 0 ஆகிவிடும், அந்தச் சீட்டைப் பார்த்து எழுதிய சீட்டுகளிலெல்லாம் அந்த 0 தொடரும். பத்து ஏடுகளில் நான்கில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருக்குமாயின் அந்நான்கும் ஒரு மூல ஏட்டின் வழிவந்தன என்று துணியலாம். அந்நான்கினுள் இரண்டில் மட்டும் இன்னொரு பிழை பொதுவாயிருந்தால் அவ்விரண்டும் பின்னும் நெருங்கிய உறவு. இவ்வாறே மரத்தின் அடி, கவை, கிளை, கொம்பு என ஏடுகளுக்கு ஒரு வழிமுறை வரைந்துவிடலாம்.

கிருமிகளுக்கும் இதே கணக்குத்தான். நிபா வைரஸ் என்பது தன்னைத் தானே படியெடுக்கத் தெரியாத ஒரு சிற்றேடு. பிற உயிரின் உயிரணுவினுள் புகுந்து அதனைக் கொண்டே தன்னைப் படியெடுத்துக்கொள்ளும். அந்த ஏட்டில் நான்கே எழுத்துகள் உண்டு. ஆராய்ச்சியாளர் அவற்றை ஏ, யு, ஜி, சி என்பர். அந்நான்கு எழுத்துகள் மாறிமாறி ஏறத்தாழ 18,250 இடங்களில் நிற்பதே நிபாவின் முழு ஏடு. அதனுள் ஆறு மரபணுக்கள், அதாவது ஆறு அதிகாரங்கள். படியெடுக்கும்தோறும் எழுத்துப் பிழை நேர்கின்றது. கிருமியைக் கொன்றுவிடும் பிழை அக்கிருமியோடு அழியும். கொல்லாத பிழை வழிவழியாகத் தொடரும். நோயாளியின் தொண்டைச் சளியிலிருந்தும், வாவலின் எச்சத்திலிருந்தும் இவ்வெழுத்து வரிசையைப் படித்தறியும் கருவிகள் இன்று உள்ளன. இரண்டு வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி ஒப்பிட்டால் உறவு தெரிந்துவிடும். மூக்கும் முழியும் பார்த்துச் சொல்லும் உறவன்று இது. பத்திரம் பார்த்துச் சொல்லும் உறவு.

உறவு தெரிந்து என்ன பயன் என்று கேட்பீர்கள். மலேசியாவில் நடந்ததைச் சொல்கின்றோம். கடல் கடந்த தமிழர் பலர் வாழும் நாடாதலின் நமக்கு அது அயல் செய்தியன்று.

1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போவைச் சார்ந்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோர்க்கு மூளைக் காய்ச்சல் கண்டது. அதனைக் கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே அதிகாரிகள் கொண்டனர். ஊர் ஊராகக் கொசு மருந்து அடித்தனர். ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்கான தடுப்பூசியும் போட்டனர். நோய் நிற்கவில்லை. பண்ணைக்காரர் அஞ்சிப் பன்றிகளை வேறிடங்களுக்கு விற்க, நோயும் அவற்றோடு தெற்கே நெகிரி செம்பிலானுக்குச் சென்றது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங் என்பவர், நோயுற்ற ஒருவரிடமிருந்து எடுத்த கிருமியை வளர்த்துப் பார்த்து, இது கொசுக் கிருமியின் குடும்பமே அன்று என்று கண்டார். அக்கிருமி கிடைத்த நோயாளியின் ஊர் சுங்கை நிபா. மலாய் மொழியில் சுங்கை என்றால் ஆறு. அவ்வூர்ப் பெயரே கிருமிக்கு ஆயிற்று. அதற்குள் நோயுற்றோர் 265 பேர். மாண்டோர் 105 பேர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்ட பிறகே நோய் ஓய்ந்தது. குலம் தெரியாமல் மருந்து தேடியதனால் கழிந்த மாதங்கள் அவை.

அப்புதுக் கிருமியின் எழுத்துகளைப் படித்தபோது அதற்கு ஓர் உடன்பிறப்பு முன்னமே இருப்பது தெரிந்தது. 1994-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஹெண்ட்ரா என்னும் பகுதியில் பந்தயக் குதிரைகளையும் அவற்றைப் பயிற்றியவரையும் கொன்ற கிருமியே அது. ஹெண்ட்ராவின் இருப்பிடம் பழந்தின்னி வாவல் என்பது அதற்குள் கண்டறியப்பட்டிருந்தது. ஆகவே நிபாவையும் வாவலிடத்தே தேடினர், கிடைத்தது. உறவறிந்ததனால் பிறந்தகமும் தெரிந்தது. ஹெண்ட்ராவும் நிபாவும் சேர்ந்த பேரினத்துக்கு ஹெனிபா என்று பெயரிட்டனர். இரண்டு ஊர்ப் பெயர் ஒட்டி நின்ற இதனை நம் புலவர்கள் உம்மைத்தொகையில் அடக்குவார்களோ, வேறெதில் அடக்குவார்களோ, அவர்கள் பாடு.

இந்த உறவினால் மருந்து வழியிலும் பயன் விளைந்தது. ஹெண்ட்ராவையும் நிபாவையும் ஒருங்கே எதிர்க்கும்படி ஆக்கப்பட்ட எதிர்ப்பு மருந்து ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்த அம்மருந்து 2018-இல் கேரளத்துக்கு வரவழைக்கப்பட்டது. அண்ணன் வீட்டுத் திறவுகோல் தம்பி வீட்டுப் பூட்டுக்கும் பொருந்தக்கூடும் என்ற நம்பிக்கையே அதற்கு அடிப்படை.

இந்தியாவுக்கு இக்கிருமி 2018-இல்தான் வந்தது என்று எண்ணுதல் தவறு. 2001-இல் வட வங்காளத்துச் சிலிகுரியில் பெயர் தெரியாத காய்ச்சலொன்று மருத்துவமனைகளிலேயே பரவி, 66 பேரைப் பற்றிப் பெரும்பான்மையோரை மாய்த்தது. அது நிபா என்பது, எடுத்து வைத்திருந்த இரத்தம் முதலியவற்றைப் பின்னாளில் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட பிறகே உலகுக்குத் தெரிந்தது. அண்டை வங்கதேசத்துக் கிருமியோடு அது நெருங்கிய உறவுடையது. வங்கதேசக் கிருமியின் ஏடு 18,252 எழுத்து. மலேசியக் கிருமியினது 18,246. நீளத்தில் ஆறெழுத்தே வேற்றுமை. ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 92 இடங்களிலேயே ஒத்து நிற்கும். ஒரே இனத்துள் இரண்டு கிளைகள் என்பது அதனால் விளங்கியது.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 2018 மே மாதத்தில் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவை அடுத்த சங்கரோத்து என்னும் ஊரில் ஒரே வீட்டில் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். மணிப்பாலில் உள்ள வைரஸ் ஆராய்ச்சி மையமும் புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிலையமும் இது நிபா என்று சில நாட்களில் உறுதி செய்தன. மலேசியர் மாதக்கணக்கில் தட்டுத் தடுமாறியதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆயினும் அரசுக் கணக்கில் 17 உயிர்கள் போயின. நோயாளிக்குப் பணிவிடை செய்த பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி அவர்களும் அதில் ஒருவர். அவர் நினைவுக்கு இச்சங்கத்தின் வணக்கம் உரியது.

அவ்வீட்டுக் கிணற்றில் வௌவால்கள் அடைந்திருந்தன. உடனே ஐயம் அவற்றின்மேல் விழுந்தது. பிடித்துப் போபாலுக்கு அனுப்பிச் சோதித்தனர். அவற்றில் நிபா இல்லை. அவை பூச்சி தின்னும் சிறு வௌவால்கள், பழந்தின்னிகள் அல்ல. வௌவால் எல்லாம் ஒன்று என்று நாம் பேசுகின்றோம். அவற்றுள் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. பிறகு பழந்தின்னி வாவல்களைப் பிடித்துச் சோதித்தபோதுதான் கிருமி அகப்பட்டது.

இப்பொழுது ஒப்பீடு. நோயாளிகள் நால்வரிடமிருந்தும் வாவல்கள் மூன்றிடமிருந்தும் கிடைத்த எழுத்து வரிசைகளைப் புனே நிலையத்தார் ஒப்பிட்டு 2019-இல் வெளியிட்டனர். நோயாளியின் கிருமி வங்கதேசக் கிருமியோடு நூற்றுக்கு 96.15 பங்கு ஒத்தது. கேரளத்து வாவலின் கிருமியோடு 99.7 முதல் 100 பங்கு வரை ஒத்தது. கணக்கெழுதும் புத்தி விடுமா? 18,252 எழுத்து முழுமைக்கும் அவ்விகிதமே எனக் கொண்டால், வங்கதேசக் கிருமியோடு மாறுபடும் இடங்கள் 700-க்கு மேல். இங்குள்ள வாவலின் கிருமியோடு மாறுபாடு ஆயிரத்துக்கு மூன்றுக்குள் அடங்கும். சில வரிசையில் ஒன்றும் இல்லை. சென்ற வாரம் வங்காளத்தில் இரயிலேறிய ஒருவர் கொண்டுவந்த ஏட்டில் 700 பிழைகள் வழியில் நேர்ந்திருக்க இயலாது. அத்தனை வேற்றுமை உண்டாக நெடுங்காலம் வேண்டும். இந்தக் கிருமி இங்கேயே, இம்மலைநாட்டு வாவல்களிடத்தே, தனிக் கிளையாக வாழ்ந்து வந்தது. வங்காளத் தொழிலாளிமேல் ஏற்றிய பழி நிற்காது.

அடுத்த ஆண்டுகளும் இதனையே காட்டின. 2019-இல் எர்ணாகுளத்தில் ஒரு மாணவர் நோயுற்றுப் பிழைத்தார். 2021-இல் கோழிக்கோட்டில் ஒரு சிறுவன் இறந்தான். 2023-இல் மீண்டும் கோழிக்கோட்டில் ஆறு பேர் நோயுற்று இருவர் மறைந்தனர். 2024-இல் மலப்புறத்தில் இருவரைப் பறிகொடுத்தோம். தென்னாட்டுக் கிருமிக்கு இந்தியக் கிளை என்று தனிப்பெயர் வைக்க வேண்டும் என ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர்.

மலையாளத்தாரின் வாவல்தானே, எல்லைக்கு அப்பால் நமக்கென்ன என்று குமரிப் பக்கத்து உறவினர் எண்ண வேண்டா. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடும் கல்குளமும் அப்பால் போயின, நெய்யாற்றங்கரை இப்பால் நின்றது. அந்தக் கோடு மனிதர் போட்டது. பழந்தின்னி வாவல் ஓர் இரவில் பல கல் தொலைவு பறந்து இரை தேடும். கேரளம், தமிழ்நாடு, கருநாடகம், புதுச்சேரி ஆகிய நான்கிடத்து வாவல்களின் இரத்தத்திலும் நிபா முன்பு தொட்டதற்கான அடையாளம் கண்டுள்ளனர். 2023-இல் தமிழ்நாட்டரசு எல்லைச் சாவடிகளில் காய்ச்சல் பார்த்தது மனிதரைத்தான். தலைக்குமேல் பறந்ததை எந்தச் சாவடியும் நிறுத்தவில்லை.

கோவிட் காலத்தில் எழுந்த மற்றோர் அச்சத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2020-இல் கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி, இமாசலப் பிரதேசம் ஆகியவற்றின் வாவல்களில் கொரோனா கிருமி காணப்பட்டது என்ற செய்தி வந்ததும், பலர் தெருக்கோடி மரத்தை அண்ணாந்து பார்த்தனர். கொரோனா என்பது ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். சளி பிடிக்கச் செய்யும் கிருமியும் அதில் உண்டு, கோவிட் கிருமியும் அதில் உண்டு. இங்குப் பழந்தின்னி வாவலிடம் அகப்பட்டது தாய்லாந்து வாவல்களிடம் முன்னமே கண்ட ஒன்றின் நெருங்கிய உறவு. கோவிட் கிருமியின் கிளையைச் சேர்ந்ததன்று. குடும்பப் பெயர் ஒன்றாயிருப்பதால் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. நாடாரென்றும் பிள்ளையென்றும் பெயர் கொண்டோர் அனைவரும் ஒரு வீட்டார் ஆவரோ?

இம்முறைக்கும் வரம்பு உண்டு. வாவலிடமிருந்து பல வேளைகளில் முழு ஏடு கிடைப்பதில்லை. கிழிந்த இரண்டோர் இதழே கிடைக்கும். அதைக் கொண்டு கிளையைச் சொல்லலாம், கொம்பைச் சொல்லுதல் அரிது. கொரோனா குடும்பத்தில் மற்றொரு சிக்கல்: இரண்டு ஏடுகளைப் பக்கத்தில் வைத்து, பாதியை இதிலும் பாதியை அதிலும் பார்த்தெழுதியதுபோலக் கலப்பேடுகள் பிறந்துவிடும். அப்பொழுது ஒவ்வோர் அதிகாரத்துக்கும் தனித்தனியே மரம் வரைய வேண்டும். இன்னொன்று: உறவுமுறை யார் என்று காட்டும், எவ்வழியாக வந்தார் என்று காட்டாது. 2018-இல் வாவலிடமிருந்து முதல் நோயாளிக்குக் கிருமி எப்படிச் சென்றது என்பது இன்றளவும் மெய்ப்பிக்கப்படவில்லை. மாம்பழமென்றும் பேரீச்சையென்றும் அந்நாளில் உலவிய பேச்சு பேச்சளவே.

வங்கதேசத்தில் மட்டும் வழி நன்கு தெரிந்துள்ளது. அங்கே குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவி இரவெல்லாம் கலயம் கட்டி வைப்பர். வாவல் வந்து நக்கும். விடியலில் அச்சாற்றைக் காய்ச்சாமல் பருகுவோர்க்கு நோய் வரும். மூங்கிற் பட்டையால் தட்டி பின்னிச் சீவிய இடத்தை மறைத்தால் வாவல் அண்டாது என்று செய்து காட்டியுள்ளனர். நம் ஊரில் பனையேறும் தொழில் இன்னும் முழுதும் அற்றுவிடவில்லை. பதநீருக்கும் கள்ளுக்கும் நாமும் கலயம் கட்டுகின்றோம். இங்கு அவ்வழியில் நோய் வந்ததாகச் செய்தி இல்லை. எனினும் கலயத்தின்மேல் ஓலைத் தட்டி ஒன்று கட்டுவதற்கு ஆகும் செலவு என்ன? பனையேறும் அன்பர்கள் சிந்திக்க வேண்டும்.

மரத்தை வெட்டும் பேச்சுக்கு வருகின்றோம். வாவல் கிருமியைச் சுமந்தும் பெரும்பாலும் நோயுறுவதில்லை. எப்பொழுதும் அதனை வெளிவிடுவதுமில்லை. ஆஸ்திரேலியாவில் ஹெண்ட்ராவைப் பல்லாண்டு ஆராய்ந்தோர், காட்டு மரம் பூக்காமல் இரை குன்றி வாவல்கள் ஊர்ப்புறத்தை அண்டிய காலங்களிலேயே குதிரைகளுக்கு நோய் மிகுந்தது என்று 2022-இல் வெளியிட்டனர். இருப்பிடத்தை அழித்து விரட்டினால் அவை மறைந்துபோகா. நம் கொல்லைப் பலாவிலும் கொய்யாவிலும் பிரிந்து தங்கும். மேலும், காட்டு மரங்களின் விதையைத் தொலைதூரம் கொண்டு சேர்ப்பதும், பல மரங்களின் பூவில் மகரந்தம் சேர்ப்பதும் இவையே. தமிழ்நாட்டில் வாவல் அஞ்சும் என்று தீபாவளிக்கும் வெடி கொளுத்தாத சிற்றூர்கள் சில உண்டு. நம்மவர் அவ்வளவு செய்ய வேண்டா, வெட்டாதிருந்தால் போதும்.

செய்யக் கூடியவை சிறியவை. கடித்த பழத்தையும் உதிர்ந்த பழத்தையும் பிள்ளைகள் பொறுக்கித் தின்னாது பார்த்தல், பழத்தைக் கழுவித் தோல் நீக்கி உண்ணுதல், செத்துக் கிடக்கும் வாவலை வெறுங்கையால் தொடாதிருத்தல், மரத்தடிக் கிணற்றுக்கு மூடி போடுதல், காய்ச்சலோடு அறிவு மயங்குவோரைத் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல். சோதனைக்குத் தொலைவு என்றும் சொல்வதற்கில்லை. குமாரன் ஆசான் வாழ்ந்த தோன்னக்கல்லில், நம் மாவட்டத்திலேயே, வைரஸ் ஆராய்ச்சிக்கென்று கேரள அரசு ஒரு நிறுவனம் நிறுவியுள்ளது.

மரத்தைப் பற்றிய தீர்மானம் இன்று மாலைப் பொதுக்குழுவில் வருகின்றது. வெட்டுக் கூலிக்கு என்று சிலர் திரட்டிய தொகை கிணற்று மூடிக்கும் கம்பி வலைக்கும் போதுமா என்று கணக்கிட்டுப் பார்த்தோம், போதும். கணக்குத்தாளைச் செயலாளரிடம் கொடுத்துள்ளோம்.